வாசலில் இரண்டு வாட்ச்மேன்கள்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, வீடியோ காலும் வீட்டு ரவுட்டரும். "டெக்னிகலா வேண்டாம்பா, எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லு" என்று உத்தரவு. இந்த ஹாலில் இருக்கும் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் வெளிநாட்டில். மீதிப் பேருக்குப் பெங்களூரில். ஆகவே இது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்லை.

நம்மில் பலருக்கு ஐ.எஸ்.டி. பூத் ஞாபகம் இருக்கும். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு, கண் முன்னால் ஓடும் மீட்டர். தொண்ணூறுகளில் அமெரிக்காவுக்கு ஒரு நிமிஷம் பேச ஐம்பது ரூபாய்க்கு மேல். "நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, வெச்சிடறேன்" என்று முடித்துவிடுவோம். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. இன்டர்நெட் வழியாக வெளிநாட்டுக்குப் பேசலாம் என்று அரசு அனுமதித்தது 2002 ஏப்ரல் 1-ல். இன்றைக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டே ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேத்திக்கு கத்திரிக்காயைக் காட்டுகிறார்கள். காசு பிரச்சினை தீர்ந்தது. "கனெக்டிங்... கனெக்டிங்..." என்று சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டம்தான் புதுப் பிரச்சினை.

அதைப் புரிந்துகொள்ள முதலில் முகவரியைப் பார்ப்போம்.

நம் பக்கத்தில் எந்த நகரை எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு முதல் குறுக்குத் தெரு உண்டு. செம்பாக்கத்தில் உண்டு, சேலையூரில் உண்டு, மாடம்பாக்கத்தில் உண்டு. "முதல் குறுக்குத் தெரு, 2-ம் நம்பர் வீடு" என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? உங்கள் வீட்டு வை-ஃபையில் சேர்ந்த போனுக்குக் கிடைக்கும் ஐ.பி. முகவரி அந்த மாதிரிதான். பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். எதிர்வீட்டிலும் அதேதான், டொரன்டோவிலும் அதேதான். வீட்டுக்குள் செல்லும், தெருவில் செல்லாது.

ஏன் ஒவ்வொரு போனுக்கும் உலகத்துக்கே பொதுவான சொந்த முகவரி கொடுக்கவில்லை? இருப்பில் இல்லை. பழைய ஐ.பி. முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். உலக இருப்பு 2011 பிப்ரவரி 3-ல் காலி. ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஒதுக்கியிருந்ததும் அதே வருஷம் ஏப்ரல் 15-ல் கடைசி உண்டியலைத் தொட்டுவிட்டது. பற்றாக்குறை வரப்போகிறது என்று முன்னமே தெரிந்து, 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு யோசனையை எழுதி வைத்தார்கள். ஒரு வாசல், அதற்கு ஒரு பொது முகவரி. உள்ளே எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும், வாசலில் ஒரு மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிடலாம். இதற்கு நேட் என்று பெயர். இது குறுகிய காலத் தீர்வுதான் என்று அவர்களே குறிப்பிட்டிருந்தார்கள். நம் ஊர் அரசு அலுவலகத் தற்காலிகக் கொட்டகை மாதிரி, முப்பது வருஷம் தாண்டியும் அது நின்றுகொண்டிருக்கிறது.

அந்த மொழிபெயர்ப்பாளரை நான் வாட்ச்மேன் என்றே சொல்கிறேன். உங்கள் ரவுட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஒரு நோட்டு. மாடி ரூம் போன் வெளியே ஏதாவது அனுப்பினால், "இன்னார், இந்த விலாசத்துக்கு, நம்ம வாசலில் 40,512-ம் எண் ஜன்னல் வழியா அனுப்பினார்" என்று குறித்துக்கொள்வார். ஒரு பொது முகவரிக்கு 65,536 ஜன்னல் எண்கள் உண்டு. பதில் அந்த ஜன்னலுக்கு வந்தால் நோட்டைப் பார்த்து மாடி ரூமுக்கு அனுப்பிவிடுவார். யாரும் கூப்பிடாமல் வந்த ஆளா? "நோட்டில் பேர் இல்லை, போயிட்டு வாங்க" என்று திருப்பிவிடுவார். நல்ல மனிதர். நியூஸ் படிக்க, மெயில் பார்க்க, சினிமா பார்க்க இவரால் ஒரு தொந்தரவும் இல்லை, அங்கெல்லாம் நாம்தான் முதலில் கூப்பிடுகிறோம்.

வீடியோ காலில்தான் சிக்கல். இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. இரண்டு வாசலிலும் வாட்ச்மேன். இவர் அவரைத் தேடிப் போனால் அந்த வாட்ச்மேன் திருப்புகிறார். அவர் இவரைத் தேடி வந்தால் நம் வாட்ச்மேன் திருப்புகிறார். இரண்டு பேருமே கடமை தவறாதவர்கள். பிறகு எப்படித்தான் பேத்தி முகம் தெரிகிறது?

இதைக் கல்யாணப் பேச்சு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் தரகர் வேண்டும். வாட்ஸ்அப் கம்பெனியின் சர்வர்தான் தரகர். உங்கள் போன் அவரோடு எப்போதும் தொடர்பில் இருக்கும். நீங்கள் கூப்பிட்டதும் அவர் எதிர்த் தரப்பில் மணி அடிக்க வைக்கிறார். மணி அடிக்கிறது என்பதால் பாதை கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. தரகர் வந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை நண்பர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, நம் போனுக்குத் தன் வெளி விலாசம் தெரிய வேண்டும். அதற்குத் தெரிவதெல்லாம் 192.168 என்ற உள் விலாசம்தான். நம் நெற்றியில் விபூதி சரியாக இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது, எதிரில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும். அது மாதிரி வெளியே ஒரு சர்வரிடம் போன் கேட்கிறது: "நான் உனக்கு எந்த முகவரியிலிருந்து, எந்த ஜன்னலிலிருந்து வந்த மாதிரி தெரிகிறேன்?" அது சொல்லிவிடும். இந்த முறைக்கு ஸ்டன் என்று பெயர், 2003-ல் வகுத்தார்கள்.

இரண்டு போன்களும் தங்கள் விலாசப் பட்டியலைத் தரகர் மூலமாக மாற்றிக்கொள்கின்றன. வீட்டுக்குள் விலாசம், வெளியிலிருந்து தெரியும் விலாசம், கடைசிப் பாதுகாப்பாக நடுவில் ஓர் ஆளின் விலாசம். இந்தத் துறைக்காரர்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் "கேண்டிடேட்" என்கிறார்கள். நான் வரன் என்று சொல்வேன். இந்த வீட்டு வரன் ஒவ்வொன்றையும் அந்த வீட்டு வரன் ஒவ்வொன்றோடும் பொருத்தம் பார்க்கிறார்கள், எல்லாம் ஓரிரு நொடிக்குள். பொருத்தம் பார்க்கும் இந்த முறைக்கு ஐஸ் என்று பெயர். நேர்வழிக்கு முதல் மரியாதை, நடு ஆள் வழிக்குக் கடைசி மரியாதை.

பொருத்தம் பார்ப்பது என்றால் என்ன? இங்கேதான் வேடிக்கை. தரகர் இரண்டு பேரிடமும் எதிராளியின் விலாசத்தைக் கொடுத்தாகிவிட்டது. இரண்டு போன்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று சின்னத் தபால் அனுப்புகின்றன. நம் தபால் அந்த வாசலுக்குப் போகிறது. "நோட்டில் பேர் இல்லை" என்று அந்த வாட்ச்மேன் கிழித்துப் போட்டாலும் போடலாம். போகட்டும். ஆனால் நம் தபால் வெளியே போகும்போதே நம் வாட்ச்மேன் நோட்டில் "இன்ன விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று குறிப்பு விழுந்துவிட்டது, இல்லையா? ஆகவே அங்கிருந்து வரும் தபாலை, "ஓ, நாம எழுதினதுக்குப் பதில்" என்று நம்பி அவர் உள்ளே விட்டுவிடுகிறார். அந்தப் பக்கமும் இதே கதை. யாரும் யாருக்கும் பதில் எழுதவில்லை. இரண்டு பேரும் முதல் கடிதம்தான் எழுதினார்கள். இரண்டு வாட்ச்மேன்களும் அதைப் பதில் என்று நினைத்துக்கொண்டார்கள்! வாசல் திறந்தாகிவிட்டது. இதற்குத் துளை போடுதல் என்று பெயர். நம் தேசத்துப் பெயர் கொண்ட பைடா ஸ்ரீசுரேஷ் என்பவரும் பிரையன் ஃபோர்டு, டான் கெகல் என்பவர்களும் 2005-ல் இதைச் சோதித்துக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் பரிசோதித்த நேட் கருவிகளில் சுமார் 82 சதவீதத்தில் இந்தத் தந்திரம் பலித்தது.

திறந்த வாசல் திறந்தபடியே இருக்காது. பேச்சு மூச்சு இல்லாவிட்டால் வாட்ச்மேன் அந்த வரியை அடித்துவிடுவார். சில ரவுட்டர்களில் அரை நிமிஷத்திலேயே. அதனால்தான் நீங்கள் இருவரும் மௌனமாக இருக்கும்போதுகூட போன்கள் அவ்வப்போது "இருக்கேன், இருக்கேன்" என்று தபால் அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

மீதிப் பதினெட்டு சதவீதம்? சில வாட்ச்மேன்கள் ரொம்பக் கறார். ஒவ்வொரு வெளி விலாசத்துக்கும் ஒவ்வொரு புது ஜன்னலைத் திறப்பார்கள். ஸ்டன் சர்வரிடம் பேசிய ஜன்னல் வேறு, மகளிடம் பேசப் போகும் ஜன்னல் வேறு. விபூதி பார்த்துச் சொன்னது வீணாகிவிடும். இது போதாதென்று, கம்பெனிக்காரர்களே உங்கள் வாசலுக்கு வெளியே லேஅவுட் முகப்பில் இன்னொரு கேட் போட்டு, பல நூறு வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைக் கொடுக்கிறார்கள். இதற்காகவே 100.64-ல் தொடங்கி 100.127 வரை ஒரு முகவரித் தொகுதியை 2012-ல் ஒதுக்கினார்கள். உங்கள் ரவுட்டரின் பக்கத்தில் வெளி முகவரி என்று அந்த எண்ணோ, 10-ல் ஆரம்பிக்கும் எண்ணோ தெரிந்தால் நீங்கள் இரண்டு கேட்டுக்குள் இருக்கிறீர்கள். பழைய ரவுட்டரைத் தூக்கிப்போட மனசு வராமல் புது ரவுட்டரின் பின்னாலேயே மாட்டி வைத்திருந்தால் மூன்று கேட். நம்மவர்கள் எதையும் தூக்கிப்போட மாட்டார்கள்.

நேர்வழி ஒன்றும் கிடைக்காதபோது நடு ஆள் வருகிறார். டர்ன் என்று பெயர். இரண்டு பேரும் அவரைக் கூப்பிடுகிறார்கள், அவர் இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் கொடுக்கிறார். அவரிடம் போவது சுற்றுவழி. நடு ஆள் சிங்கப்பூரில் இருந்தால், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்குப் பேசுவதுகூட வங்காள விரிகுடாவைத் தாண்டிப் போய்த் திரும்பும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-லிருந்தே கடலடிக் கேபிள் இருப்பதால் இந்தச் சுற்றுக்கு நொடியில் சிறு பங்குதான் ஆகும், காதுக்குத் தெரியாது. அமெரிக்கா வழியாகச் சுற்றினால் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, "நீ சொல்லு", "இல்லை, நீங்க சொல்லுங்க" என்று ஆகிவிடும்.

"நடு ஆள் ஒட்டுக்கேட்க மாட்டாரா?" என்று போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் இரு முனைக்கும் இடையே பூட்டிய உறைதான் போகிறது. நடு ஆளிடம் சாவி இல்லை. இன்னொரு கோணம் உண்டு. நேர்வழியில் பேசினால் எதிராளிக்கு உங்கள் ஐ.பி. முகவரி தெரிந்துவிடும். அது வேண்டாதவர்களுக்காக, எப்போதும் நடு ஆள் வழியாகவே பேசும் வசதியை வாட்ஸ்அப் 2023 நவம்பரில் சேர்த்தது. பிரைவசி அமைப்புகளில் இருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து பேசும் குரூப் காலில் நேர்வழி கிடையாது, சர்வர் வழிதான். 2020 ஊரடங்கில் நம் பேட்ச் கூட்டம் ஜூமில் நடந்தபோது 40 நிமிஷத்தில் எல்லாரையும் வெளியே தள்ளியதே, அது நம் ரவுட்டரின் தப்பு இல்லை. காசு கட்டாதவர்களுக்கு அவர்கள் வைத்த வரம்பு.

ஸ்கைப் இந்தப் பிரச்சினையை ஆரம்பத்தில் வேறு மாதிரி சமாளித்தது. 2003-ல் வந்தபோது, சொந்தப் பொது முகவரி வைத்திருந்த சாதாரண ஜனங்களின் கம்ப்யூட்டரையே அவர்களுக்குத் தெரியாமல் நடு ஆளாக்கிக்கொண்டது. ஊரான் வீட்டு நெய்யே! 2007 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட்டுக்காக உலகெங்கும் கம்ப்யூட்டர்கள் அணைந்து எழுந்தபோது அந்த நடு ஆட்கள் மொத்தமாகக் காணாமல் போய் ஸ்கைப்பே இரண்டு நாள் படுத்துவிட்டது. பிறகு மைக்ரோசாஃப்ட் வாங்கி, சொந்த சர்வர்களை வைத்து, 2025 மே 5-ல் கடையையே மூடிவிட்டது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான சமாசாரத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர். மனைவி காலமாகிச் சில வருஷம் ஆகிறது. மகள் டொரன்டோவில். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மகளின் கால் வரும், அதற்கு முன் ஆறரைக்கே சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு சமயம் பத்து நாள் தொடர்ந்து மணி மட்டும் அடிக்கிறது, எடுத்தால் "கனெக்டிங்" என்று சுற்றி அறுந்துவிடுகிறது. இவர் மனசில் ஓடியது, "வேணும்னே கட் பண்றாளோ, நிலத்தை விக்க வேண்டாம்னு சொன்னது அவளுக்குப் பிடிக்கலையோ." அங்கே மகள் மனசில், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மறைக்கிறார்." என்னிடம் அவர் கேட்டது ரவுட்டரைப் பற்றி இல்லை. "ஸார், பெத்த பொண்ணு அப்படிச் செய்வாளா?" என்றுதான் கேட்டார்.

அதற்குள் ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டிருந்தார். அவர் வந்து, "ஐயா, போர்ட் ஓப்பன் பண்ணணும், ஃபயர்வால் தடுக்குது" என்று சொல்லி, ஃபயர்வாலை அணைத்து, டி.எம்.இசட். என்ற ஒன்றை இவர் போனின் உள் விலாசத்துக்குப் போட்டுவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். டி.எம்.இசட். என்றால் வாட்ச்மேனிடம், "முன்பின் தெரியாதவன் யார் வந்தாலும் இந்த ரூமுக்கு நேரா அனுப்பு" என்று எழுதிக் கொடுப்பது. கால் அப்போதும் வரவில்லை. இதற்கு நடுவில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. ரவுட்டர் எழுந்து உள் விலாசங்களைப் புதிதாகப் பங்கு போட்டபோது, போனுக்கு இருந்த விலாசம் வாசல் கேமராவின் ரிக்கார்டருக்குப் போய்விட்டது. அந்த ரிக்கார்டரின் பாஸ்வேர்டு கம்பெனி வைத்து அனுப்பிய அதே "அட்மின்". மகள் அப்பாவைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வாங்கிக் கொடுத்த கேமரா, இப்போது ஊர் உலகமே பார்க்கும்படி வாசலில் நிற்கிறது!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2016-ல் மிராய் என்ற வைரஸ் இந்த மாதிரி கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் தேடிப் போனது. அது கையில் வைத்திருந்தது அறுபது சொச்சம் கம்பெனிப் பாஸ்வேர்டுகள், அவ்வளவே. லட்சக்கணக்கில் கருவிகளைப் பிடித்தது. அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அந்த அக்டோபர் 21-ம் தேதி ஒரு பெயர்ச்சேவை நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின.

பெரியவர் கதைக்கு வருவோம். கோளாறு ராஜகீழ்ப்பாக்கத்தில் இல்லவே இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள் ஆபீசுக்குப் போக ஆரம்பித்திருந்தார். நமக்கு ஏழு மணி என்றால் டொரன்டோவில் காலை எட்டரை, ஒன்பதரை. ஆபீஸ் வை-ஃபையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். வீடியோ கால் பெரும்பாலும் யு.டி.பி. என்ற முறையில் போகும். ரிஜிஸ்தர் தபால் இல்லை, கார்டு மாதிரி; போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பது. நேரடிப் பேச்சுக்கு அதுதான் சரி. அந்த ஆபீஸ் வாட்ச்மேன் கார்டே கூடாது என்று நிறுத்திவிட்டார். தரகர் மட்டும் வேறு வழியாகப் போய் வருபவர், ஆகவே மணி அடித்தது. மகளை வை-ஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் கூப்பிடச் சொன்னேன். முதல் மணியிலேயே முகம் வந்தது. பிறகு ரிக்கார்டருக்குப் புது பாஸ்வேர்டு, டி.எம்.இசட். எடுப்பு, ஃபயர்வால் மறுபடி காவலுக்கு. மொத்தம் பதினைந்து நிமிஷ வேலை.

ஆகவே நண்பர்களே, ஒருவர் வந்து "வீடியோ காலுக்குப் போர்ட் திறக்கணும்" என்று சொன்னால், காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன நாடகம் முழுக்க வாசலைத் திறக்காமலே பேசுவதற்காகத்தான். மணி அடித்தும் இணையவில்லையா, முதலில் இந்தப் பக்கம் வை-ஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். பிறகு அந்தப் பக்கம். எந்த வாசலில் தடை என்று தெரிந்துவிடும். இணைந்த பிறகு படம் உடைகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது என்றால் அது வேறு வியாதி. பெரும்பாலும் ரவுட்டருக்கும் பூஜை ரூமுக்கும் நடுவில் உள்ள மூன்று சுவர்கள்தான் காரணம். பிள்ளை துபாயில் இருந்தால் இன்னொன்று: அங்கே பல வருஷங்களாக வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், பேச்சுக்குத் தடை, அரசு உரிமம் பெற்ற செயலிகளில்தான் பேச வேண்டும். இதற்காக இங்கே ரவுட்டர் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

முகவரிப் பஞ்சம் தீராதா என்றால், தீர்ந்துகொண்டிருக்கிறது. ஐ.பி. ஆறாம் பதிப்பில் ஆளுக்கு ஒன்று என்ன, மணலுக்கு ஒன்றுகூடக் கொடுக்கலாம். 2016 செப்டம்பரில் ஜியோ அந்தப் பதிப்போடு வந்த பிறகு, இதில் நம் நாடு உலகின் முன்வரிசைக்குப் போனது. இன்றைக்கு இந்தியப் பயனாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். அதிலும் வாட்ச்மேன் இருப்பார், கூப்பிடாதவனை உள்ளே விட மாட்டார். ஆனால் விலாசத்தை மாற்றி எழுத மாட்டார், ஜன்னல் எண் குழப்பம் இல்லை. உங்கள் வீட்டு இணைப்பில் அது வருகிறதா என்று கம்பெனியைக் கேளுங்கள். வருகிறது, ரவுட்டரில் அணைத்து வைத்திருக்கிறோம் என்று சொல்பவர்களும் உண்டு.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், பந்தி போட்டாகிவிட்டதாம். ரவுட்டரின் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வந்திருப்பவர்கள் பாயசத்துக்கு அப்புறம் என்னிடம் வரலாம். பாஸ்வேர்டு தெரியும் ஸ்டிக்கரை மட்டும் நம் பேட்ச் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். காலையிலேயே இரண்டு பேர் போட்டுவிட்டார்கள்.